திறக்க மறுத்த கேட்

எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். இதை நானே சொல்வது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். சேலத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஐந்தே மாதத்தில் தேன்கரட்டு மலைப்பாதையையே கட்டி மேய்த்த மூன்று பேர் அவர்கள். வேலைக்கு எடுத்தவள் நான். அதனால் புதிரையும் நானே போடுகிறேன்.

மழையில் மண் சரிந்து, அந்தப் பாதையில் அரை கிலோமீட்டருக்கு ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான் மிஞ்சியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட் போட்டார்கள். நடுவில் ஒரு காப்பித் தோட்டத்துப் பாதை வந்து சேரும். அங்கே மட்டும் கேட் கிடையாது.

இதற்கு மூன்று ஏஜென்ட்டுகள் செய்தோம். ஏஜென்ட் என்றதும் வீட்டு புரோக்கரை நினைத்துவிடாதீர்கள். தனக்கென்று ஒரு வேலையை வைத்துக்கொண்டு, தானே முடிவெடுத்து, மற்ற மென்பொருள்களோடு பேசிக்கொள்ளும் மென்பொருள் அது. ஷாஹிதா செய்தது, இரண்டு கேட்டிலும் எத்தனை வண்டி நுழைந்தது, எத்தனை வெளியேறியது என்று எண்ணும். மணிமொழியன் செய்தது, கேமரா வழியாகப் பாதை முழுவதையும் பார்க்கும். செல்லக்கிளி செய்தது, இந்த இரண்டிடமும் கேட்டுவிட்டுக் கேட்டைத் திறக்கும். ‘இரண்டு பேரும் காலி என்றால் திற’ என்பது விதி. அதை எழுதியவள் நான். ரொம்ப அழகான விதி என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மணிமொழியன் ரோஷக்காரன். தன் ஏஜென்ட் ஒருநாளும் பதில் இல்லாமல் முழிக்கக் கூடாது என்பான். அதனால் கேமராவுக்குக் கண் தெரியாத நேரத்தில், பக்கத்து ஏஜென்ட்டிடம் விசாரித்தாவது பதில் சொல்ல வைத்திருந்தான். செல்லக்கிளி பேசவே மாட்டாள். ஆனால் என்னிடம் கேட்காமலே தன் ஏஜென்ட்டில் ஒரு வரி சேர்த்திருந்தாள். யார் பதில் சொன்னாலும், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று அது கேட்கும்.

ஒரு நாள் பிற்பகல், பாதை முழுக்கப் பனிமூட்டம். மேல் கேட்டில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். பக்கத்தில் அவள் கணவன் மாதேசு. ஷாஹிதாவின் ஏஜென்ட், “பதினான்கு நுழைந்தது, பதினான்கு வெளியேறியது, காலி” என்றது. மணிமொழியனின் ஏஜென்ட்டும் “காலி” என்றது. கேட் திறக்கவில்லை. ‘பாதையை ஆள் நேரில் பார்த்துச் சொல்லவும்’ என்று காவலருக்குச் செய்தி போனது.

கீழ் கேட் காவலர் பைக்கில் ஹாரன் அடித்தபடி அந்த அரை கிலோமீட்டரையும் பார்த்துக்கொண்டு மேலே வர ஆறு நிமிடம் ஆனது. பாதை நிஜமாகவே காலி. ஆம்புலன்ஸ் இறங்கியது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மறுநாள் மாதேசு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“ஆறு நிமிசம் என் பொண்டாட்டி துடிச்சாங்க. வழி காலியாத்தான கெடந்துச்சு? எதுக்குத் தொறக்கல?”

ஷாஹிதா, “என் எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பில்லை” என்றாள். மணிமொழியன், “பனியிலும் என்னுடையது சரியான பதிலைத்தான் சொன்னது. செல்லக்கிளி சேர்த்த வரியைத் தூக்குங்க மேடம்” என்றான்.

“தூக்கக் கூடாது” என்றாள் செல்லக்கிளி. அவ்வளவுதான் பேசினாள்.

இருவர் சொன்னதும் உண்மை. மறுத்தவளால் ஒரு பெண் ஆறு நிமிடம் கூடுதலாகத் துடித்தாள். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி? அந்த வரியை நான் நீக்குவதா, வைப்பதா?

விடை: செல்லக்கிளி செய்ததே சரி. பனியில் கேமரா எதையுமே பார்க்கவில்லை. மணிமொழியனின் ஏஜென்ட், ஷாஹிதாவின் ஏஜென்ட்டைக் கேட்டு, அதன் பதிலையே தன் பதிலாக ஒப்பித்தது. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று செல்லக்கிளியின் ஏஜென்ட் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது. ஆக, வந்தது இரண்டு சாட்சி இல்லை, ஒன்றுதான். தோட்டத்துப் பாதையில் ஒரு ஜீப் வந்து சேர்ந்திருந்தால் கேட்டில் எண்ணுகிற ஏஜென்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. ஷாஹிதாவின் எண்ணிக்கையில் குறை இல்லை. குறை, தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன இடத்திலும், அதை ஏற்கச் சொன்ன என் விதியிலும் இருந்தது. அன்று ஜீப் வராதது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். வரியை வைத்துக்கொண்டேன், ‘இரண்டு பேரும் தாங்களே பார்த்துக் காலி என்றால் திற’ என்று என் விதியைத் திருத்தினேன். நான் சொல்வதற்கு முன்பே மணிமொழியன் தன் ஏஜென்ட்டுக்கு ‘தெரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டான். அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இதையெல்லாம் மாதேசுவிடம் விளக்கினேன். அவர் செல்லக்கிளி பக்கம் திரும்பினார். “அப்ப அது அப்படியே இருக்கட்டும்மா. வர்ற வெள்ளிக்கிழமை புள்ளயத் தூக்கிட்டு அந்த வழியாத்தான் நாங்க மேல போவோணும்” என்றார்.