மை அழியாத விரல்

மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில் எங்கள் காலனிப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி நாங்கள் மூன்று முறை ஊர்வலம் போனோம். கதவு திறக்கவில்லை. திறந்தவள் சூளையில் கல் சுமக்கும் அஞ்சுகம்.

ஜூன் மாதம் மகள் தேன்மலரை அழைத்துக்கொண்டு தனியாகப் போனாள். தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் கவுன்சிலர் குலசேகரன் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இது பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடம். உங்க காலனி தூரம். பச்சப்புள்ள நடக்குமா? அங்கேயே உங்க ஆளுங்களோட படிக்கட்டும்."

"போன மாசம் நான் நடந்து வந்தேனே அய்யா."

"எதுக்கு?"

அஞ்சுகம் விரலை நீட்டினாள். நகத்தில் மை இன்னும் அழியவில்லை.

"உங்களுக்கு ஓட்டுப் போட. அதோ, அந்த ஒண்ணாம் வகுப்புலதான் போட்டேன். 'இந்தா இருக்கு, ரெண்டு எட்டுதான்'னு எங்க வாசல்ல நின்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரே மாசத்துல எப்படிங்க தூரமாச்சு?"

கவுன்சிலர் கூரையைப் பார்த்தார். தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.

"உன் பேரு என்ன பாப்பா?"

தேன்மலர் அந்த மை விரலைப் பிடித்தபடியே வகுப்புக்குப் போனாள். உள்ளே பிள்ளைகளைப் பார்த்ததும் விரலை விட்டுவிட்டு ஓடினாள். அஞ்சுகம்தான் விரலை மடக்காமல் வாசலில் வெகுநேரம் நின்றாள்.