பொறுக்காமல் விட்ட கல்

திருமேனியார் ஆற்றிய தொண்டு கல் பொறுக்குவது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் பேஸ்பால் அணியில் சம்பளத்துக்கு ஆடியவர் அவர். ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் தளங்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே குனிந்து நின்று, தரையோடு சீறி வரும் பந்தைத் தடுப்பது வேலை. சுண்டுவிரல் நகத்தளவு கல் கிடந்தாலும் பந்து எகிறி முகத்தில் அறையும். ஆகையால் தினமும் காலையில் தாம் நிற்கும் மண்ணைக் கையால் தடவி, அகப்பட்ட கற்களை மைதானத்து வேப்பமரத்துப் பிள்ளையார் காலடியில் வைத்து, "இன்னைக்கு இவ்வளவுதான் பூ, சாமி" என்பார்.

பதினாறு வருஷம். ஓங்கி அடித்தவர்களுக்கு மாலை விழுந்தது. இவருக்குப் பல் இரண்டு விழுந்தது. உடன் ஆடியவர்கள் 'கல்லுச்சாமி' என்றார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

ஆலை முதலாளி சபாநாயகம் ஒருமுறை அமெரிக்கா போய் ஒரு தொப்பியோடும் இந்த ஆட்டத்தோடும் திரும்பியவர். தொப்பியைத் தாம் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்.

அந்த ஆண்டு இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்க்கரை ஆலை அணியோடு. ஓடி வருபவர் தளத்தை எட்டுமுன் பந்துள்ள கையுறையால் தொட்டுவிட்டால் அவர் அவுட். கடைசி நிமிஷம், சர்க்கரை ஆலையின் எட்வின் என்பவர் புழுதி பறக்கச் சறுக்கி வந்தார். திருமேனியார் கையை வீசினார். இரண்டு விரல்கடை எட்டவில்லை. புழுதியில் நடுவருக்குத் தெரியவில்லை. அவுட் என்று கையை உயர்த்திவிட்டார். திருமேனியார் வாயைத் திறப்பதற்குள் நண்பர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். தோளில் ஏறிய வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் முதல் அவர் வேப்பமரத்துப் பக்கம் போகவில்லை. கல் பொறுக்கவில்லை. பிள்ளையார் முகத்தில் விழிக்கக் கூசி, ஆலைக்குப் பின்வாசல் வழியாகப் போனார்.

வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. 'பேஸ்பால் பேரொளி' என்று பட்டம். முதலாளி நாற்பது நிமிஷம் நேர்மையைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு கைதட்டலுக்கும் திருமேனியாரின் தலை ஓர் அங்குலம் தாழ்ந்தது. சால்வை தோளில் பட்டதும் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் அவரத் தொடவே இல்லீங்க."

முதலாளி மைக்கைக் கையால் பொத்தி, "விழா முடியட்டும்யா. அப்புறம் நேர்மையா இருந்துக்கலாம்" என்றார். ஆனால் திருமேனியார் சொன்னது அதற்குள் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது.

போட்டியை நடத்திய சங்கம் கோப்பையைத் திரும்ப வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பகுதியை அதே ஒன்பது பேரும் மறுபடி ஆட வேண்டும் என்றது. "தோத்தா, திங்கக்கிழமையிலேருந்து நீ மூட்டை தூக்கப் போயிடு" என்றார் முதலாளி. கேன்டீனில், "வாங்க கல்லுச்சாமி, எங்க கோப்பையையும் பொறுக்கிப் போட்டுட்டீங்களே!" என்றார்கள். அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். சொல்லிவிட்ட பிறகும் அவருக்குக் கூச்சம் விடவில்லை. ஞாயிறு காலையும் கல் பொறுக்கவில்லை.

அன்றைய ஆட்டத்தில் சிமெண்ட் ஆலைக்கு ஒரு புள்ளி முன்னிலை. இன்னும் ஒருவர் அவுட் ஆனால் வெற்றி. இரண்டாம் தளத்தில் அதே எட்வின். எதிரணிக்காரர் அடித்த பந்து திருமேனியாருக்கு எட்டாத தொலைவில் பாய்ந்தது. எட்வின் மூன்றாம் தளத்துக்குப் பறந்தார். பந்து மண்ணில் எதன்மேலோ மோதி, திரும்பி, கூப்பிட்டதுபோல் திருமேனியாரின் கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது. எதிரே ஓடிவந்த எட்வினை அவர் தொட்டார். இன்னொரு முறையும் தொட்டார்.

"ஒரு தடவ தொட்டாப் போதும்ணே!" என்று எட்வின் சிரித்தார்.

"இருக்கட்டும் தம்பி. அது போன வாரத்துது."

கற்களை விட்டுவைக்கச் சொன்னதே தாம்தான் என்று முதலாளி பத்திரிகைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். திருமேனியார் மண்ணைத் தடவி அந்தக் கல்லைக் கண்டெடுத்தார். நேராக வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

"ஏழு நாள் நான் வரல, சாமி. நீங்களே ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்க" என்று அதைப் பிள்ளையார் காலடியில் வைத்தார்.

பேரொளிப் பட்டம் சால்வையோடு பீரோவுக்குள் போயிற்று. தம் வெட்கத்தை மறைக்காமல் ஊரறியச் சொன்ன அந்தக் கல்லுச்சாமியை, கைதட்டிய நாமும் சற்றுத் தலைகுனிந்தே வணங்குவோம்.