காயலில் கம்பாக நின்ற ஆவுடைச்சியார்

பனையேந்தல் காயலில் இடுப்பளவு நீரில் நின்று, காலால் துழாவி மட்டிச் சிப்பி எடுத்து விற்பதே ஆவுடைச்சியாரின் தொழில். விரலில் மட்டி தட்டுப்படுந்தோறும் "சிவாயநம" என்பார். பிறகே குனிந்து எடுப்பார். கணவரைக் கடல் கொண்டுபோய்ப் பத்தாண்டாயிற்று. மேற்குக் கரையில் கோயில் கொண்ட கழிக்கரை ஈசரைத் தவிர அந்த அம்மைக்கு வேறு நாதியில்லை.

காயலின் அமைப்பை அறிந்தால்தான் அவருடைய தொண்டு விளங்கும். கிழக்கே நீண்ட மணல்திட்டு கடலை மறைத்து நிற்கிறது. தெற்கே கடலுக்குத் திறக்கும் ஒரே ஒரு முகத்துவாரம். வெளியே கடல் எப்படிக் கொந்தளித்தாலும் உள்ளே அலை கிடையாது. ஆனால் அடித்தரை சும்மா கிடக்குமா? கார்த்திகை வெள்ளம் வந்துபோனால் பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். மாசிமகத்தன்று ஈசர் தோணியேறி, காயலைக் கடந்து கடலாடப் போவார். அதற்கு முன்பே அம்மை ஆழமான வழியைக் காலாலேயே கண்டு, ஓரத்தில் பூவரசங்கம்பு நட்டுவைப்பார். ஒரு வாய் நன்றி சொன்னவர் அந்த ஊரில் கிடையாது.

அந்த ஆண்டு கம்புகள் பாதியில் வடக்கே திரும்பின. சாமித் தோணியைச் செலுத்தும் தண்டல் உடையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. முதுகுக்குப் பின்னே கோபுரம், எதிரே மணல்திட்டின் ஒற்றைப் பனை. இரண்டையும் நேராகப் பிடித்து ஓட்டுவது அவன் பாட்டன் காலத்து வழக்கம்.

"அறுதலி காட்டுற வழியில சாமி போகணுமாக்கும்? பிடுங்கி எறிங்கலே!"

"ஐயா, நேர்வழியில மணல் ஏறிக் கெடக்கு. சாமி தரைதட்டி நின்னுரும்" என்று அம்மை கைகூப்பினார்.

"ஒன் காலுக்குத் தெரிஞ்சது எங்க கண்ணுக்குத் தெரியாதோ?"

கரையே கைகொட்டிச் சிரித்தது. பாவிகள்! அத்தனை கம்புகளையும் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள்.

மகத்தன்று காலை நடுவதற்குக் கம்பில்லை. வழி திரும்பும் இடத்தில், மார்பளவு நீரில், அம்மை தாமே போய் நின்றார். ஈசர் மணலில் சிக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவர் கவலை. தோணி நெருங்கியது. அதிலிருந்தவர்கள் வாய் கூசாமல் ஏசினார்கள்.

"அபசகுனமா நிக்கியே, வெலகுட்டி மூளி!"

உடையப்பன் துடுப்பை ஓங்கி அவர் தோளில் அடித்தான். அந்தக் கை எப்படித்தான் எழுந்ததோ! அம்மை அசையவில்லை. தோணி அவரைக் கடந்து நேரே போயிற்று.

ஐம்பது பாகத் தூரம்கூடப் போகவில்லை, தரைதட்டியது. நீர் வற்றத் தொடங்கிய நேரம். தோணி ஒருபக்கம் சாய்ந்தது. இருபது பேர் இறங்கித் தள்ளியும் இம்மி நகரவில்லை. ஈசர் திருமேனி சரியப் பார்க்க, அர்ச்சகர் அதைக் கட்டிக்கொண்டு அலறினார். உடையப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது எல்லார் செவியிலும் ஒரு குரல் கேட்டது.

"என் வழியைப் பிடுங்கினீர்கள். என் அடியாளை அடித்தீர்கள். இனி அவள் கூப்பிட்டால் வருவேன். உங்கள் தள்ளுக்கு வரமாட்டேன்."

உடையப்பன் நீரில் குதித்து ஓடி அம்மையின் முன்னே நின்றான். "ஆத்தா, நீ கூப்பிடு ஆத்தா!" என்று கதறினான்.

அம்மை அவனை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வீங்கிய தோளோடு கைகூப்பினார்.

"வாங்க சாமி, இந்தப் பக்கம் ஆழமிருக்கு."

அவ்வளவுதான். வற்றிய நீர் தோணிக்கடியில் மட்டும் பொங்கி எழுந்தது. தள்ளுவாரின்றித் தோணி தானே திரும்பியது. அம்மை முன்னே நடக்க, ஈசர் பின்னே சென்றார்.

கம்பில்லாத நாளில் தம்மையே நட்டுவைத்த ஆவுடைச்சியாரின் சேற்றுப் பாதங்கள் நம் தலைமேல் இருக்கட்டும்.