கை நனைக்காமல் போன வீடு

“என் வண்டிக்கு அடியில கோழி முட்டை வைக்குதுங்க அம்மணி! உங்க வண்டியெல்லாம் ஊர் ஊரா ஓடுது. அந்தச் சூட்சுமத்தை மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க!”

காலையிலிருந்து நல்லசிவத்துக்கு இதே பாட்டு. பாவாயி காதில் போட்டுக்கொண்டால்தானே? அவர் பாட்டுக்கு ஜீப்பில் மண்வெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தேழு. தொழில் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதையெல்லாம் பார்த்தால் முடியுமா? கட்டியவன் கைவிட்டுப் போனதும் எருமைகளை விற்று, ஓட்டை ரிக் லாரி ஒன்றை வாங்கி, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் சத்தீஸ்கர் காட்டுக்குள் போர்வெல் போடப் போனவர் பாவாயி. வழியில் யானை மறித்தபோது, அது நகரும்வரை லாரிக்குள் உட்கார்ந்து புளிச்சோறு தின்றவர். இன்று திருச்செங்கோட்டில் ஏழு வண்டிகளுக்கு முதலாளி. நல்லசிவமோ அரிசி ஆலையை விற்றுப் புத்தம்புது ரிக் வாங்கி, அதற்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கிறவர்.

“வித்துடலாம்னு இருக்கறேனுங்க. வாங்கறதுக்கு ஆள் வந்தாச்சு. சாயங்காலம் பதில் சொல்லோணும்.”

“சொல்லலாம். ஏறுங்கண்ணா.”

ஜீப் மல்லசமுத்திரம் ரோட்டில் திரும்பியதும் நல்லசிவத்துக்கு வியர்த்தது.

“இந்தப் பக்கம் வேண்டாமுங்க அம்மணி.”

“ஏனுங்கண்ணா, ரோடு சரியில்லையா?”

ரோட்டுக்கு என்ன கேடு? அவர் இதுவரை போட்ட ஒரே போர்வெல் அங்கேதான் இருந்தது. தண்ணீருக்குப் பதில் புகையாகப் புழுதி வந்த போர்வெல். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் போர் போட வந்தவர்களுக்கு நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கும் இலை போட்டிருந்தார்கள். நல்லசிவம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

“புகை வந்த வீட்டுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கை நனைக்கறதுங்க?”

பாவாயி ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது, அன்றைக்குப் போட்ட துளை மூடாமல் அப்படியே இருந்தது. ஆட்டுக்குட்டி விழுந்துவிடக் கூடாதென்று அதன்மேல் வீட்டு ஆட்டுக்கல்லை உருட்டி வைத்திருந்தார்கள். பாவாயி ஒரு மண்வெட்டியை நீட்டினார்.

“நானா?”

“பின்னே யானையா வரும்?”

கல்லை நகர்த்திவிட்டு இருவரும் மண்ணை வெட்டிப் போட்டார்கள். போட்ட மண் போன இடம் தெரியவில்லை. பழைய மில் முதலாளியின் வெள்ளை வேட்டி செம்மண் நிறமாயிற்று. வெயில் இறங்கும் நேரத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“இதுதானா உங்க சூட்சுமம்? தண்ணி பீச்சி அடிச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க அம்மணி, அங்கே கத்துக்கறேன். புகை வந்த இடத்துல என்ன இருக்குது?”

பாவாயி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி வந்தவங்க ஒருத்தரும் என்னை மறுபடி கூப்பிட்டதில்லீங்கண்ணா. அவங்களுக்குத்தான் தண்ணி வந்துருச்சே.”

நல்லசிவத்தின் மண்வெட்டி பாதியில் நின்றது. பிறகு, துளை வாய்வரை நிரம்பும்வரை அவர் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குள் காட்டுக்காரி வசந்தாமணி வந்து இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“ஓடிப்போன ரிக்குக்காரர் திரும்பி வந்து குழி மூடறதை இப்பத்தான் பார்க்கறேன். அன்னிக்கு வரிசையா இலை போட்டு வெச்சேனுங்க. நாய்தான் தின்னுச்சு.”

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி சரி, கை கழுவிட்டு வாங்க. சோறு ஆக்கியாச்சு. அப்படியே மேக்கு மூலையில ஒரு இடம் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. வெங்காயம் காயுதுங்க.”

நல்லசிவத்தின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. வண்டி வாங்க வந்தவன்தான். அவர் அதைப் பார்த்தார். அணைத்துப் பையில் போட்டார். செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு, மேற்கு மூலைக்கு நடந்தார்.

அங்கே நின்று நாலா பக்கமும் பார்த்தார். குனிந்து மண்ணை அள்ளினார். எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. பாவாயியோ அதற்குள் வீட்டு வாசலில் கை கழுவிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மணி!” என்று நல்லசிவம் அங்கிருந்தே கூவினார். “இடத்தை மட்டுமாவது நீங்க வந்து காட்டிருங்க அம்மணி!”