கொட்டாத பை

"மோட்டார் சுத்துது டீச்சர். இழுக்க மட்டும் மாட்டேங்குது. நான் எதை விட்டேன்?"

பொன்னுதுரை வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். கை சுலபமாக விலகி வந்தது.

ஜெசிந்தா நிமிரவில்லை. ஒரு மிக்ஸி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்று எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே அவள் பட்டறை. ஐ.டி.ஐ.யில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தவள் என்பதால் ஊருக்கே டீச்சர். அவளுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. டீ ஃபாக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் முப்பது வருஷம் நின்று ரிட்டயர் ஆனவர்.

நான்கு மாதத்துக்கு முன் அந்த வாக்குவம் கிளீனரைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். நீளமான தகர உடம்பு, அடியில் இரண்டு சறுக்குத் தகடு. எஸ்டேட் பங்களாவைக் காலி செய்த துரைசாணி, அங்கே வேலை பார்த்த அவர் மனைவி தவமணிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தவமணி இறந்து மூன்று வருஷம். அதன் பிறகு மிஷின் ஓடவில்லை.

புதுசு வாங்கிக்கொள்ளலாமே என்று ஜெசிந்தா முதல் நாளே சொன்னாள். தன் வீட்டில் ஓடினால் இதுதான் ஓட வேண்டும் என்றார். அப்படியானால் நீங்களே கற்றுக்கொண்டு செய்யுங்கள், நான் தொட மாட்டேன் என்றாள்.

தொடவும் இல்லை. அவர் தப்பாக மாட்டினால் உச்சுக்கொட்டுவாள். அவ்வளவுதான் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மேகலா வருகிறாள். குழந்தை தவழத் தொடங்கியிருக்கிறது. தூசி பட்டால் அதற்கு மூச்சு இரைக்கும், விளக்குமாறு ஆகாது. போன தடவை வந்த மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்படியே இருந்தால் இனி இவனை இங்கே கூட்டி வர முடியாதுப்பா என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். அமைதியாகச் சொன்னாள்.

"இன்னைக்கு வெள்ளி டீச்சர்" என்றார் பொன்னுதுரை.

ஜெசிந்தா கம்பியை வெட்டிவிட்டு எழுந்தாள்.

அவள் பட்டறையில் ஒரு வழக்கம். கழற்றிய பழைய சாமான் எதையும் வேலை முடியும்வரை எறியக் கூடாது. எல்லாம் ஓர் எவர்சில்வர் தட்டில் கிடக்க வேண்டும். அந்தத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னென்ன இருக்கு, சொல்லுங்க ஐயா."

தேய்ந்த கார்பன், இறுகிப்போன பேரிங், வெடித்த வாஷர், எலி கடித்த வயர், ஓட்டை விழுந்த பழைய குழாய் என்று ஒப்பித்தார்.

"எது இல்லை?"

"எல்லாம் மாத்தியாச்சே."

"மாத்தினது தட்டுல இருக்கு. நான் இல்லாததைக் கேட்டேன்."

வெளியே ஊட்டி பஸ் பின்னால் வந்து திரும்பியது. அவர் தட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"பை" என்றார் கடைசியில்.

தூசி சேர்கிற துணிப்பை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைப்பார், முடிந்ததும் அப்படியே உள்ளே வைப்பார். நான்கு மாதமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அடைச்சுக் கிடக்கு. காத்து வெளியே போக வழியில்லை. உள்ளே எப்படி வரும்? ஏன் கொட்டலை?"

"அவ கடைசியா இழுத்து எடுத்த தூசி அது. அப்புறம் கொட்டுறதுக்கு அவளுக்குத் தெம்பில்லை."

அவரே மெதுவாக, வேறு பை தைத்துப் போட்டால் இழுக்குமா என்று கேட்டார். தாராளமாக இழுக்கும் என்றாள். இதை அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா என்றார்.

"வைங்க. உங்க பேரன் அலமாரியைத் திறக்காமப் பாத்துக்குங்க."

அவர் சிரிக்கவில்லை.

"உள்ளே என்ன இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப எதைத்தான் வெச்சிருக்கீங்க?"

பொன்னுதுரை பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு தரையில் பழைய பேப்பரை விரித்து, பையின் வாயைத் தளர்த்திக் கவிழ்த்தார்.

அவளுடைய முடி இருக்கும் என்று நினைத்திருந்தார். சேலை நூல், மஞ்சள் தூள், காய்ந்த பூ இருக்கும். தேங்காய் எண்ணெய் வாசனை வரும்.

பழுப்பாக, பஞ்சுபோல் ஏதோ கொட்டியது. உலுக்கினார். இன்னும் கொட்டியது. விரலால் கிளறினார். அதே பழுப்பு. ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

ஃபாக்டரி வாசனை.

டீத்தூளின் பஞ்சு. சலிக்கும் இடத்தில் தினமும் அவர் தலையிலும் காலரிலும் காதுமடலிலும் படிந்தது. வீட்டுக்குள் அவர் நடந்த இடமெல்லாம் உதிர்ந்தது.

"இதுல அவ இல்லையே டீச்சர்" என்றார்.

"இவ்வளவையும் எடுத்தது யாரு?"

பொன்னுதுரை எழுந்தார். பையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார். உதற உதறக் காற்று எதிரே வீசியது. சட்டை, மீசை, கண் இமை எல்லாம் பழுப்பாயின. ஜெசிந்தா உச்சுக்கொட்டவில்லை.

உள்ளே வந்து பையை மாட்டினார். மூடியைப் பூட்டினார். சுவிட்சைப் போட்டுவிட்டு, குழாயை எடுத்துத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

அது சட்டையை அப்படியே கவ்விக்கொண்டது.