கூவ முடியாத விலை

எத்திராஜுக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குரு ஞானாம்பாளுக்கு நாற்பத்தெட்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவரும் வெட்கப்படவில்லை.

முப்பத்து நாலு வருஷம் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, தெற்கே மலையடிவாரத்தில் இருந்த ஞானாம்பாள் மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, பன்னிரண்டு பேர். பின்னால் வேப்பந்தோப்பு.

தோப்பில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை. கீரையிலிருந்து ஆடு வரை எல்லாம் வரும். வராதது சில்லறை. மலைக்கு வருகிறவன் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவான். கீரைக்காரி பாக்கிக்கு மிட்டாய் கொடுப்பாள். சண்டை வரும்.

எத்திராஜ் அதற்கு வழி செய்தார். சந்தைக்கென்றே ஒரு நாணயம், போனுக்குள்ளே. பெயர் வேம்பு. மொத்தம் நூற்றெட்டு வேம்பு. அதற்கு மேல் ஒன்று கூட உண்டாக்க முடியாதபடி பூட்டிவிட்டார்.

"அதென்ன நூத்தெட்டு?" என்று அப்போதே கேட்டார் ஞானாம்பாள்.

"ஜெபமாலையில நூத்தெட்டு மணி அம்மா."

அம்மாள் சிரித்தார்.

நூற்றெட்டை ஊர்ச் சந்தை முழுக்கப் பங்கிட்டால் ஆளுக்கு என்ன வரும்? ஒரு டீ 0.0004 வேம்பு. ஒரு கட்டுக் கீரை 0.0006.

ஒரு மாதம் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை முறிந்தது.

கீரைக்கார வெள்ளத்தாயி மிக்கேல் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு 0.004 அனுப்பிவிட்டாள். மிக்கேலும் பார்க்கவில்லை. பொழுது சாய அவன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளத்தாயி கூடைமுன் உட்கார்ந்து, விற்ற கட்டுகளை விரல் விட்டு எண்ணி, போனில் இருந்த தொகையோடு ஒத்துப் பார்த்தாள். இடித்தது. மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவையும் இடித்தது.

எத்திராஜ் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு சைபரை விட்டுட்டீங்கம்மா. ஒரு டீக்குப் பத்து டீ காசு போயிருக்கு," என்றார். நாலு பேர் நடுவில், உரக்கவே சொன்னார்.

வெள்ளத்தாயி அவரைப் பார்க்கவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"நாப்பது வருசமா ஒரு கட்டு தப்பினதில்ல. மக சொல்லிக்கிட்டே இருக்கா, ஒனக்கு வயசாயிட்டு, கூடைய இறக்குன்னு. சரிதான் போல. புத்தி கலங்கிட்டு."

"மிக்கேல் அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துடுவான்."

"அது கெடக்கட்டும் சாமி. நான் அடுத்த வாரம் வரலை."

போய்விட்டாள்.

மறுநாள் காலை எத்திராஜ் அம்மாளிடம் வந்து நின்றார். அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாணயத்துல கோளாறு இல்ல. அந்தம்மா கொஞ்சம் கவனமாப் பாத்திருக்கணும். ஒரே ஒரு சைபர்தானே?"

முறம் நின்றது.

"வெள்ளத்தாயி அடுத்த வெள்ளிக்கு வரலைன்னா உங்க வேம்பை எடுத்துடுவோம் சாமி. மிட்டாய்ச் சண்டையே தேவலை."

"அம்மா, ரெண்டு வருஷ உழைப்பு."

"அவளுக்கு நாப்பது வருஷம். சரி, இன்னிக்குச் சமையல் நீங்க."

"எனக்குக் கஞ்சி வைக்கக்கூடத் தெரியாது."

"எழுதித் தர்றேன்."

அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார். பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு. எல்லாம் மூட்டைக் கணக்கு. கடைசி வரி: ரசத்துக்கு மிளகு, மூட்டையில் 0.0004.

மலைத்தோட்டக்காரர் ஒருவர் காணிக்கையாகக் கொடுத்த ஐம்பது கிலோ மிளகு மூட்டை மூலையில் இருந்தது. எத்திராஜுக்குக் கணக்கு பயமா? தராசை எடுத்து வைத்துக்கொண்டார். பருப்பு சரியாக வந்தது. புளி சரியாக வந்தது. அப்புறம் பச்சை விறகு புகைந்தது. பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒரு கையில் துணி, ஒரு கையில் கரண்டி, கண்ணாடியில் ஆவி. சுவரைப் பார்த்தார். மிளகை நிறுத்தார். இடித்தார். போட்டார்.

பந்தியில் முதல் வாய் ரசம் உள்ளே போனதும் ஒருவர் எழுந்து கிணற்றடிக்கு ஓடினார். அவர் பின்னால் மூன்று பேர். பூசைக்காரக் கிழவர் மட்டும் உட்கார்ந்தபடியே தலையில் தட்டிக்கொண்டார்.

அம்மாள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஒரு மாசச் சளி சாமி. போயிடுச்சு."

எத்திராஜ் அடுக்களைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். விரலால் தொட்டு எண்ணினார். இருபது கிராம் போட வேண்டிய இடத்தில் இருநூறு போட்டிருந்தார்.

அம்மாள் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு சைபர்தானே?"

"புகை அம்மா."

"மிக்கேல் கடையில புகை இல்லையா?"

எத்திராஜ் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காகிதத்தோடு வந்தார். இரவெல்லாம் யோசித்த முகம்.

"சின்ன அலகு வேணும். புரிஞ்சுடுச்சு அம்மா. மூணு வச்சிருக்கேன். வேம்புல நூத்துல ஒண்ணு, கிளை. ஆயிரத்துல ஒண்ணு, கொப்பு. பத்தாயிரத்துல ஒண்ணு, இலை."

"கொப்புக்கு என்ன கிடைக்கும்?"

"கொப்புக்கு..." காகிதத்தைப் பார்த்தார். "தனியா ஒண்ணும் கிடைக்காது. இலைக்கும் கிளைக்கும் நடுவுல ஒண்ணு வேணுமே, கணக்குக்காக."

"கணக்கு டீ குடிக்குமா?"

எத்திராஜ் காகிதத்தை மடித்தார்.

"நாளைக்கு வெள்ளத்தாயி கூடையைத் தூக்குங்க," என்றார் அம்மாள்.

"தூக்கி?"

"தெருவுல கூவுங்க. விலை உங்க காசுல."

செவ்வாய்க்கிழமை காலை எத்திராஜ் வெள்ளத்தாயி வீட்டு முன்னால் நின்றார். மகள் கதவைத் திறந்தாள். "அம்மா இனிமே யாவாரத்துக்குப் போகாது," என்றாள்.

"தெரியும். நான்தான் போறேன். கூடை வேணும்."

உள்ளேயிருந்து வெள்ளத்தாயி வந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூடைய யார் தலையில வைக்கப் போறீய?"

"என் தலையில."

"கழுத்து ஒடிஞ்சா எவ பதில் சொல்லுவா?" என்று முனகிக்கொண்டே சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். கொல்லையில் பறித்த அரைக்கீரை முப்பது கட்டு. தூக்கிவிட்டாள். அவர் தள்ளாடியதைப் பார்த்து, வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தாள்.

தெருமுனையில் எத்திராஜ் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அரைக்கீரை! கட்டு, புள்ளி சைபர் சைபர் சைபர் ஆறே!"

நாய் ஒன்று குரைத்தது. மறுபடி கூவினார். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்தாள்.

"இது யார் போன் நம்பர் சாமி?"

பின்னால் ஒரு சத்தம். திரும்பினார். முடியாமல் திரும்பினார், தலையில் கூடை. வெள்ளத்தாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க. நீங்க கூவிப் பாருங்க."

"ரூவாயிலயா?"

"எங்க காசுல."

"சந்தையில நான் வாயே தொறக்கல, தெரியுமா? அட்டையில எழுதி வச்சிட்டு ஊமை மாதிரி இருந்தேன். கூவ முடியாத வெலைய எப்படி விக்க?" ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து, தலையைத் தூக்கினாள்.

"அரைக்கீரேய்! கட்டு ஒண்ணரை டீயே!"

இரண்டு கதவு திறந்தது.

எத்திராஜ் கூடையோடு அப்படியே நின்றார். ஆறுக்கு நாலு. ஒன்றரை. சரி.

"எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? டீ என்ன வெலை, கீரை என்ன வெலை. இது தெரியாதா?" என்றாள். "ஆனா அரை, காலெல்லாம் வாயில ஒட்டாது சாமி. முழுசா வரணும்."

"சந்தையில ஆகச் சின்ன வியாபாரம் எது?"

"கருவேப்பில. அதுக்கு யாரு காசு வாங்குவா? அதுக்கு மேல ரெண்டு வெத்தல, ஒரு பாக்கு."

எத்திராஜ் கூடையை இறக்கித் தெருவோரம் உட்கார்ந்தார். போனை எடுத்தார். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, 0.0001. அதையே ஒன்று என்றால் டீ நாலு. கீரை ஆறு.

அவர் சொன்னார். அவள் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். கூடையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க சாமி. கழுத்துக்கு எண்ணெய் தேச்சுக்கிடுங்க."

வெள்ளிக்கு வருவாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

வியாழன் மாலை அம்மாளிடம் போனைக் காட்டினார். போனில் புள்ளியே இல்லை. வேம்பும் இல்லை. இலை மட்டும்.

"ஒரே ஒரு சங்கடம் அம்மா. ஆட்டு வியாபாரி கத்துவான். ஒரு கிடா நாலாயிரம் இலை. எவ்வளவு பெரிய எண்!"

"ஆடு வாங்குறவன் உட்கார்ந்து பேசுவான் சாமி," என்றார் அம்மாள். "டீ குடிக்கிறவன் நின்னுக்கிட்டிருக்கான்."

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே எத்திராஜ் தோப்பில் இருந்தார். ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். வெற்றிலைக்காரர் வந்தார். மிக்கேல் அடுப்பு மூட்டினான். கீரைக்காரி உட்காரும் இடம் காலியாக இருந்தது. எத்திராஜ் அதைக் கூட்டினார். பிறகு மறுபடி கூட்டினார்.

"சாமி, அங்க ஒரு குப்பையும் இல்ல," என்றான் மிக்கேல்.

ஏழரை மணிக்குத் தோப்பு வாசலில் குரல் கேட்டது. ஆள் தெரியுமுன் குரல்.

"அரைக்கீரேய்! கட்டு ஆறே! ஆறே!"

கூடையை இறக்கியதும் அவள் வியாபாரத்தில் உட்காரவில்லை. நேரே மிக்கேல் கடைக்குப் போனாள். எத்திராஜும் போனார், போனில் விரலை வைத்தபடி. போன வாரம் போன தொகையை அவர் கழித்துச் சொல்லவேண்டும் அல்லவா?

"ஏ மிக்கேலு. அன்னைக்கு நாப்பது இலை குடுத்திருக்கேன். ஒரு டீ போக முப்பத்தாறு. ஒம்பது டீ ஒங்கிட்ட நிக்கி."

எத்திராஜின் விரல் அப்போதுதான் கழித்தல் குறிக்குப் போயிருந்தது.

"ஏ அக்கா, நானே குடுக்கணும்னுதான் இருந்தேன்," என்றான் மிக்கேல். "இந்தா, போன்லயே அனுப்பிடுதேன்."

"ஒண்ணும் அனுப்ப வேண்டாம். குடிச்சே தீக்கேன். ஒண்ணை இந்தச் சாமிக்குப் போடு. எட்டு." திரும்பி எத்திராஜைப் பார்த்தாள். "சர்க்கரை கம்மியா? கழுத்து எப்படி இருக்கு?"

"பரவாயில்லை," என்றார் எத்திராஜ்.

அன்று தோப்பு முழுக்க ஒரே கூச்சல். கத்தரி கூறு எட்டு. முருங்கை ரெண்டு. ஆட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்து ஆயிரம் ஆயிரமாகப் பேசினார்கள். கிடா நாலாயிரத்துக்குப் போகவில்லை. மூவாயிரத்து எண்ணூற்றுக்குப் போயிற்று. ஒருவரும் கத்தவில்லை.

மதியம் மடத்தில் பந்தி முடிந்தது. அன்று சமைத்தது அம்மாள். எல்லோரும் எழுந்துபோன பிறகும் எத்திராஜ் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாமி, முகம் வாடியிருக்கு? அவ வந்துட்டாளே."

"சந்தோஷந்தான் அம்மா." டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினார். "காலையிலிருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருத்தர் வாயிலயும் வேம்புங்கிற பேர் வரலை. ஒரு தடவை கூட. நூத்தெட்டு. பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

அம்மாள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் டம்ளரில் மிச்சமிருந்த ரசத்தைக் காட்டினார்.

"ரசம் எப்படி இருந்துது?"

"ரொம்ப நல்லா இருந்துது அம்மா."

"மிளகு மூட்டை தெரிஞ்சுதா?"

எத்திராஜ் மூலையில் இருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"போன வாரம் தெரிஞ்சுது," என்றார் அம்மாள்.