கம்போரோவும் என் ஐஸ் பெட்டியும்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் நாச்சிமுத்து. அவன் அண்ணன் செங்கோடனும், தங்கச்சி புருஷன் பொங்கியண்ணனும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். யார் முதல் என்பது தெளிவாக இருக்கட்டும்.

மூன்று பேரும் சேர்ந்து பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். ஒரே ஷெட், மூவாயிரம் கோழி. குஞ்சு இறக்கிய இருபத்து நாலாம் நாள் கோழிகள் சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டன. வெள்ளையாகத் தண்ணீர் போலக் கழிந்தன. முதல் நாள் நாற்பது செத்தது, மறுநாள் எழுபது. இந்தத் தடவையும் செத்தால் இனிமேல் குஞ்சே கிடையாது என்று, வளர்க்கக் குஞ்சு கொடுக்கிற கம்பெனிக்காரன் முன்பே சொல்லியிருந்தான்.

செங்கோடன் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"கம்போரோ நோய் மாதிரி இருக்கு. கோழியோட எதிர்ப்பு சக்தியையே அழிச்சிடும். அறுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். இப்பதான் செத்த கோழியா ஒண்ணு, ஐஸ்ல வச்சுக் கொண்டு வாங்க. வெளியாள் யாரையும் பண்ணைக்குள்ள விடாதீங்க" என்றார்.

அப்போது நான் அந்தப் பண்ணை ரோட்டில் ஒரு அம்மாவுக்கு மத்தி மீன் நிறுத்துக்கொண்டிருந்தேன். என் மொபெட்டில் இருந்த ஐஸ் பெட்டியை நாச்சிமுத்து அவிழ்த்தான். மீனைச் சாக்கில் கொட்டினான். ஐஸை மட்டும் வைத்துக்கொண்டான்.

"டேய், என் மீன்டா!"

"கோழிக்கு உசிர் போகுதுங்கண்ணா. உங்க மீனுக்குத்தான் ஏற்கெனவே போயிருச்சே."

பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

ஷெட்டில் செத்த கோழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொங்கியண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் எப்பவோ செத்தது மாப்ள. டாக்டரம்மா இப்பதான் செத்ததைக் கேட்டாங்க."

அதனால் சாகிற மாதிரி இருந்த கோழி ஒன்றைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். அது ஒரு மணி நேரம் கழித்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிற்று. அதற்குள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆறு செத்துக் கிடந்தன.

"இதுல ஒண்ணை எடுத்துக்கலாமா?" என்றான் நாச்சிமுத்து.

"செத்ததை நீ பார்த்தியா?" என்றான் பொங்கியண்ணன்.

"இல்லை."

"டாக்டரம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

கடைசியில் உயிரோடு ஒன்றைப் பிடித்து ஐஸில் வைத்தார்கள். போகிற வழியில் செத்தால் புதுசாக இருக்கும் என்பது செங்கோடன் கணக்கு.

ஆஸ்பத்திரி மேஜையில் பெட்டியைத் திறந்ததும் கோழி வெளியே குதித்து டாக்டரம்மாவின் பேனாவைக் கொத்தியது.

"செத்த கோழி எங்கே?"

செங்கோடன் தலையைச் சொறிந்தான். "வர்ற வழியில மனசு மாறிருச்சுங்க."

டாக்டரம்மா கோழியைப் பிடித்து மறுபடியும் பெட்டிக்குள் விட்டார். பிறகு நானே வருகிறேன் என்று கிளம்பினார். வந்தால், முன்னால் ஓடிவந்த மூவரும் பண்ணைக் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே நிற்கிறார்கள்.

"வெளியாளை விடக் கூடாதுங்க. டாக்டரம்மா உத்தரவு."

"யோவ், நான்தான்யா அந்த டாக்டரம்மா!"

"தெரியுங்க. ஆனா உங்களை மட்டும் விடலாம்னு அவங்க சொல்லலீங்களே."

மூவரும் தலையைச் சேர்த்து வைத்து யோசித்தார்கள். பொங்கியண்ணனுக்கு வழி தோன்றியது. "போன் பண்ணியே கேட்டுருவோம்."

செங்கோடன் போன் போட்டான். கேட்டுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. டாக்டரம்மா எடுத்தார்.

"ஏனுங், இங்க ஒரு டாக்டரம்மா வந்து நிக்கிறாங்க. உள்ளே விடலாமுங்களா?"

"விடுங்க" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்லிட்டாங்க, கேட்டைத் தொற மச்சான்" என்றான் செங்கோடன்.

டாக்டரம்மா நாலு கோழியை அறுத்துப் பார்த்தார். தொடைக் கறியில் ரத்தக் கோடுகள். ஆசனவாய்க்கு மேலே இருக்கிற சின்னப் பை வீங்கி, மேலே மஞ்சளாகக் கூழ் படிந்திருந்தது.

"கம்போரோவேதான். நோயோட சண்டை போடுற சக்தி உருவாகிறதே இந்தப் பையிலதான். அதையே பிடிச்சிருச்சு. இதுக்குத் தனியா மருந்து இல்லை. வெல்லத் தண்ணியும் சத்து மருந்தும் விடாம கொடுங்க. ஒரு வாரத்துல சாவு நின்னுரும். அப்புறம் ஒண்ணு, ஷெட்டுல இருந்து வெளியே போறது எதுவா இருந்தாலும் கிருமி மருந்துத் தண்ணியில கழுவி, வெயில்ல நல்லாக் காய வச்சுத்தான் போகணும்."

அவர் சொன்னபடியே ஒரு வாரத்தில் சாவு நின்றது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கோழி பிழைத்துவிட்டது. மூவரும் ஒரு நிமிஷம்கூட வீட்டுக்குப் போகாமல் தண்ணீர் காட்டியதுதான் காரணம் என்று கம்பெனிக்காரனே பாராட்டினான். ஏன் போகவில்லை என்று அவன் கேட்கவில்லை.

நான் கேட்கப் போனேன், பெட்டிக்காக. கேட் பூட்டியிருந்தது. ஷெட்டுக்கு முன்னால் களத்தில், உச்சி வெயிலில், மூவரும் கோவணத்தோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். பக்கத்தில் என் ஐஸ் பெட்டி.

"டேய், பொட்டியைக் குடுங்கடா!"

"அது முதல் நாளே காஞ்சிருச்சுங்கண்ணா" என்றான் நாச்சிமுத்து, அசையாமல். "கேட்டுகிட்ட கொண்டுவந்து தர்றதுக்கு நாங்களும் காயணுமில்ல?"

"ஒரு வாரமாவா காயலை?"

"அதாங்கண்ணா எங்களுக்கும் புரியலை. காயலாம்னு வெயில்ல படுத்தா, வேர்த்து வேர்த்து நனைஞ்சு போகுது."

பொங்கியண்ணன் எழுந்து, வேர்வையைக் கழுவ மறுபடியும் மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினான்.